சம்மனசின் காலடியில் இருந்த முகம்

எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பை இப்போது இளைஞர்கள் எடுக்கிறார்கள். சுவரில் படம் காட்டுகிறார்கள். ஆதாமும் ஏவாளும் நன்றாகவே நடிக்கிறார்கள். என் காலத்தில் நான்தான் ஆதாம், நான்தான் ஏவாள், தேவைப்பட்டால் பாம்பும் நான்தான். ஓய்வு பெற்ற பிறகு வகுப்புப் பக்கம் போவதில்லை. என்னைப் பார்த்தால் பிள்ளைகள் எழுந்து நின்றுவிடுகிறார்கள், படம் மறைக்கிறது.

போன வாரம் ஜான்சி டீச்சர் வீட்டுக்கு வந்தார். வகுப்பு எடுக்கும் இளைஞர்களில் ஒருவர்.

"ஐயா, இந்த மாசப் பாடம் நன்மை, தீமை, எதிர்நோக்கு. எதிர்நோக்குன்னா பரீட்சையில பாஸாயிடுவோம்னு நெனைக்கிறதுதானேன்னு பிள்ளைங்க கேக்குதுங்க. உங்க அனுபவத்துல எதனா எழுதிக் குடுங்களேன்."

"எவ்ளோ எழுதணும்?"

"நீங்க எழுதுங்க. நான் சுருக்கிக்கிறேன்."

சுருக்கட்டும். நான் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

உபதேசியார் என்றால் என்ன வேலை என்று வெளியார் கேட்பார்கள். சாமியார் பூசை வைப்பார், பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்பார். மீதி எல்லாம் உபதேசியார். அதற்கென்று பயிற்சி உண்டு, போய் இருந்து படித்தேன். அங்கே கற்றதில் எனக்குக் கடைசி வரை பயன்பட்டவை மணி அடிப்பது, பாட்டு எடுப்பது, கடைசிப் பாவ அறிக்கை கேட்கச் சாமியார் வந்து சேரும் வரை சாகக் கிடப்பவரைப் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைப்பது. கடைசியில் சொன்னதில் நான் கெட்டிக்காரன் என்று பேர். திட்டக்குடி பக்கம் போயிருந்த சாமியாருடைய வண்டி வழியில் பஞ்சராகி நின்றபோது ஒரு பெரியவரை மதியம் முழுக்க அவருடைய பழைய நிலத்தகராறைப் பற்றிப் பேசவைத்தே பிடித்து வைத்திருக்கிறேன்.

அடக்கத்திலும் எனக்கென்று ஒரு முறை உண்டு. செத்தவரை மல்லாக்கத்தான் வைக்க வேண்டும். பெட்டியை இறக்கும்போது கயிறு நழுவிச் சாய்ந்தால் நிறுத்தச் சொல்லி நேராக்குவேன். முகம் மேலே பார்த்திருக்க வேண்டும். "எழுந்திருக்கப் போறவங்களுக்கு எந்தப் பக்கம் எழுந்திருக்கணும்னு தெரியணும்" என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்வேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் மறக்கவில்லை என்று பின்னால் தெரிந்தது.

எங்கள் பங்கில் பாதிப் பேருக்குப் பிழைப்பு செராமிக்தான். தொழிற்பேட்டையில் சிறு சிறு கம்பெனிகள். சிலவற்றில் கரண்டுப் பெட்டிக்கான ஃபியூஸ் கேரியர், சிலவற்றில் பொம்மை. பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளையார், கிறிஸ்மசுக்குக் குடில் செட்டு. வேலைக்கு வருகிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் இரண்டையும் செய்வார்கள். மாட்டுக் கொட்டகையில் படுத்திருக்கிற பாலன் இயேசுவுக்கு வர்ணம் அடித்த கையோடு தும்பிக்கைக்கு அடிப்பார்கள்.

அப்போது இருந்த பங்குச் சாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகப்பட்டினம் பக்கத்துக்காரர். குரலை உயர்த்திப் பார்த்ததில்லை. எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. எழுந்துபோய் கோயில் வாசலில் இருக்கும் குரோட்டன்ஸ் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். எல்லாத் தொட்டிக்கும் ஊற்றி முடித்த பிறகுதான் முடிவு வரும். விஷயம் சிக்கலாக இருந்தால் திரும்பவும் முதல் தொட்டியிலிருந்து தொடங்குவார். அவர் இருந்த வரைக்கும் அந்தச் செடிகள் அழுகிக்கொண்டே இருந்தன.

என் வகுப்பில் சில ஞாயிறு கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு வந்து உட்காருவார். ஒன்றும் திருத்தமாட்டார். ஒரு முறை நான் பிசாசைப் பற்றி நடத்தி முடித்ததும் கை தூக்கினார்.

"உபதேசியாரே, பிசாசு மன்னிப்புக் கேட்டா கடவுள் குடுப்பாரா?"

"கேக்காது சாமி."

"ஏன்?"

"அது ஒரே தடவ முடிவு பண்ணிடுச்சு. இனிமே மாறாது. மனுசன் அப்பிடி இல்ல. கடைசி மூச்சு வரைக்கும் மாறலாம்."

"அப்ப பாவசங்கீர்த்தனம்?"

"மனுசனுக்குத்தான். பிசாசுக்குக் கெடையாது."

"சரி" என்று எழுந்து போய்விட்டார். நான் தேர்வில் தேறியவனைப் போல அன்றைக்கெல்லாம் இருந்தேன். அவர் வருவதற்கு முன்பிருந்தே நான் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த பாடம்தான் அது.

எங்கள் கோயில் பாதுகாவலர் மிக்கேல் சம்மனசு, வானதூதர். கையில் ஈட்டி, காலடியில் பிசாசு. ஒரு திருவிழாவில் சப்பரம் எங்கள் ஊர்ப் பாலக்கரையில் திரும்பும்போது எதிரே ஸ்ரீமுஷ்ணம் பஸ் வந்தது. தூக்கியவர்கள் ஒதுங்கினார்கள். தூக்காதவர்கள் யோசனை சொன்னார்கள். சம்மனசு விழுந்தார். வேதத்தில் வானத்திலிருந்து விழுந்த சம்மனசுகள் உண்டு. எங்களுடையது சப்பரத்திலிருந்து விழுந்தது. இறக்கை, கை, தலை எல்லாம் தூள். பிசாசுக்கு ஒரு கீறல் இல்லை.

ஊரெல்லாம் கெட்ட சகுனம் என்று பேச்சு. சாமியார் மறுநாள் பூசையில் அதற்கு விளக்கம் சொன்னார்.

"பிசாசு கீழ இருந்துச்சு. கொஞ்ச ஒசரந்தான் விழுந்துது."

பிரசங்கம் அவ்வளவுதான்.

புதுச் சுரூபம், அதாவது சிலை, வேண்டும். பங்கில் இத்தனை செராமிக் ஆட்கள் இருக்கும்போது வெளியில் வாங்குவதா என்று கூட்டத்தில் முடிவானது. பிலோமினாவிடம் வேலை போனது. பிலோமி பொம்மைக் கம்பெனியில் களிமண்ணை அச்சில் வார்க்கும் வேலை செய்பவள். என்னிடம் மறைக்கல்வி படித்தவள். அவள் புருசன் சவரிமுத்து, சூளையில் சரக்கு அடுக்கும் வேலையில் இருந்தவன். அவனும் என் வகுப்புதான். இரண்டு பேருக்கும் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்ததும் நான்தான்.

சவரி குடித்தான். குடித்தவர்கள் எல்லாரும் அடிப்பதில்லை, சவரி அடித்தான். ஒரு நாள் அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சியை அவள் காலில் ஊற்றிவிட்டு, அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது திருப்பூருக்கு பஸ் ஏறிப் போய்விட்டான். அதன் பிறகு அவள் இடது காலில் செருப்பு போட்டு நான் பார்த்ததில்லை. தழும்பில் வார் உரசும்.

அவள் சுரூபத்தைத் துண்டு துண்டாகச் செய்து சுட்டு ஒட்டினாள். சம்மனசின் உடம்புக்கும் இறக்கைக்கும் அச்சு இருந்தது. பிசாசின் தலைக்கு அச்சு இல்லை. கையாலேயே பிடித்தாள்.

சுரூபத்தை மந்திரிக்கிற, அதாவது ஆசீர்வதிக்கிற, நாளன்று துணியை விலக்கினார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். நான் பிரார்த்தனை எடுத்தேன். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று ஜனங்கள் பதில் சொல்ல வேண்டும். முதல் இரண்டு பதில் ஒழுங்காக வந்தது. மூன்றாவது இழுத்தது. நான்காவது வரவே இல்லை. எல்லாரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன் வரிசையில் ஒரு அம்மா பக்கத்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது எனக்கே கேட்டது.

"அய்ய, நம்ம சவரி."

சவரிதான். முன்பல் பாதி உடைந்தது, இடது புருவத்தில் வெட்டு, விரிந்த காது. சூளையில் வெந்து பழுப்பு நிறம் ஏறியதில் இன்னும் நன்றாக வந்திருந்தது. மூக்கு மட்டும் சப்பை. ஈட்டி முனை கழுத்தில் இருந்தது.

பூசை முடிந்ததும் சாமியாரிடம் சொன்னேன். அவர் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே சவரி போய்விட்டதால் அவருக்கு முகம் தெரியாது.

"அந்த ஆளு இப்ப எங்க?"

"திருப்பூர்ல சாமி."

இரண்டு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினார். "வந்தா சொல்லுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் வேண்டுதல் உள்ளவர்கள் சுரூபத்தின் காலடியில் உப்பும் மிளகும் போடுவார்கள். சம்மனசின் காலடியில் இருப்பது பிசாசின் தலை. ஆகவே சவரியின் முகத்தில் வாரந்தோறும் உப்பும் மிளகும் விழுந்தன. கொஞ்ச நாளில் பெண்கள் குறி பார்த்துப் போட ஆரம்பித்தார்கள். வீட்டில் அடி வாங்குகிறவர்கள் கொஞ்சம் வேகமாகப் போட்டார்கள். வேண்டுதல் பலிக்கிறது என்று மங்கலம்பேட்டையிலிருந்துகூட ஆள் வந்தது. தினமும் கூட்டித் தள்ளியது நான்.

அப்படிச் சில வருடம் போனது. ஒரு நாள் காலைப் பூசையில் கடைசி பெஞ்சில் சவரி உட்கார்ந்திருந்தான்.

எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. வயிறு மட்டும் ஊதி, மற்றதெல்லாம் வற்றிப்போயிருந்தது. கண் மஞ்சள். அக்கா வீட்டில் வந்து தங்கியிருந்தான். இனிமேல் மருந்தில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்க என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று அவனாகத்தான் கேட்டு வந்திருக்கிறான். பூசை முடிந்ததும் சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்கும் மரக்கூண்டில் போய் உட்கார்ந்தார். சவரி போவதற்கு முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றலாம் என்று சுரூபத்துக்கு முன்னால் வந்தான். நான் அங்கே மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தேன்.

நெடுநேரம் பார்த்தான். விரலால் தன் பல்லைத் தொட்டான்.

"உபதேசியாரே, பிலோமி செஞ்சதா?"

"ஆமாம்பா."

"பல்லு சரியா இருக்குது."

மெழுகைச் சுரண்டினேன்.

"பிசாசுக்குப் பாவசங்கீர்த்தனம் கெடையாதுன்னு நீங்கதானே கிளாஸ்ல சொன்னீங்க" என்றான்.

"அது பிசாசுக்குடா. நீ மனுசன்."

"கோயில்ல வேற மாரி வெச்சிருக்குறீங்களே."

ஏற்றாத மெழுகுவத்தியை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனான். சாமியார் கூண்டில் காத்திருந்தார். நான் போய்ச் சொன்னேன்.

அன்றைக்கு எல்லாச் செடித் தொட்டிக்கும் இரண்டு சுற்றுத் தண்ணீர் விழுந்தது. நான் பின்னாலேயே நின்றேன். வாழ்நாளெல்லாம் சாகப் போகிறவர்களைச் சாமியார் வரும் வரை பிடித்து வைத்தவன் நான். இங்கே சாமியார் வந்து உட்கார்ந்திருந்தார். ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டது நான் சொல்லிக்கொடுத்த பாடம். பாடத்தில் பிழை இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"பிசாசுக்கு மனுசன் மொகம் வெக்கக் கூடாது" என்றார் சாமியார். "உயிரோட இருக்குறவனுக்கு இன்னும் முடிவு எழுதல. நாம எழுதி, சுட்டு, மந்திரிச்சும் வெச்சுட்டோம். அந்தத் தலைய மாத்தணும். பிலோமினாகிட்ட சொல்லுங்க."

"நானா சாமி?"

"நீங்கதானே உபதேசியார்."

நான் நகர்ந்தேன். கூப்பிட்டார்.

"மன்னிக்கச் சொல்லாதீங்க. தலைய மாத்த மட்டும் சொல்லுங்க. அது வேற வேல, இது வேற வேல."

பிலோமி பட்டறையில் ஈர ஸ்பாஞ்சு வைத்துப் பிள்ளையாரின் ஓரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். சவரி வந்த செய்தி அவளுக்கு எனக்கு முன்பே வந்துவிட்டது.

"பிசாசு செய்யச் சொன்னீங்க. எனக்கு வேற பிசாசு தெரியாது" என்றாள், நான் வாயைத் திறக்கும் முன்பே.

"நான் உன்னைக் குத்தம் சொல்ல வரலம்மா."

"மன்னிக்கச் சொல்ல வந்தீங்க."

"அதுக்கும் வரல."

"பின்ன?"

"தலைய மாத்தணும். சாமியாரு சொல்லி அனுப்பிச்சாரு. மன்னிக்கிறது வேற வேலன்னு சொன்னாரு."

ஸ்பாஞ்சைத் தண்ணீரில் பிழிந்தாள். இன்னொரு பிள்ளையாரை எடுத்துத் துடைத்தாள். காது, தும்பிக்கை, மோதகம் எல்லாம் துடைத்தாள். சாமியாரின் தொட்டியைப் போல இவளுக்குப் பிள்ளையார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"என் கால அந்த ஆளு மாத்திக் குடுப்பானா?"

"மாட்டான்."

"எனக்கு அந்தக் கோயில்ல அது ஒண்ணுதான் ஆறுதலு உபதேசியாரே. ஞாயித்துக்கெழம போனா, சம்மனசு மிதிச்சுக்கிட்டு இருக்கும். ஒரு வாரத்துக்குத் தாங்கும்."

அவள் சொன்னது நியாயம். அவன் செய்தது தீமை. அதைத் தீமை இல்லை என்று சொல்லிக் கிடைக்கிற மோட்சம் யாருக்கும் வேண்டாம். இதெல்லாம் இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு வாயில் வந்தது இவ்வளவுதான்: "அவன் பாவசங்கீர்த்தனம் பண்ணாமப் போயிட்டாம்மா. அந்த மூஞ்சியப் பாத்துட்டு."

அவள் கை நின்றது.

"பண்ண வந்தானா?"

"வந்தான். நீ சுட்டது நல்லா வந்திருக்குது. அதான் நம்பிட்டான்."

பிறகு சூளைப் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"சுட்ட மண்ணுல மூஞ்சிய மாத்த முடியாது. தலையத்தான் எடுக்கணும். கழுத்துல கட்டிங் வீலு வெச்சு அறுத்தா ஒட்டு வுட்டுடும். ஆர்டர்னா செய்யறேன்."

"ஆர்டருதாம்மா."

புதுத் தலைக்கு யார் முகம் என்று பங்கில் பேச்சு எழுந்தது. ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். ஒருவர் தன் மாமியாரின் போட்டோவையே செல்லில் காட்டினார். பிலோமி யாரையும் கேட்கவில்லை. பிசாசின் புதுத் தலையைக் குப்புறக் கிடக்கும்படி செய்துவிட்டாள். பின்மண்டையும் மயிரும்தான் தெரியும். சாமியார் சுற்றி வந்து பார்த்தார்.

"நமக்குத் தெரியாதத நாம செய்யல. நல்லது" என்றார்.

உப்பு மிளகு போடுகிறவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம். மங்கலம்பேட்டை ஆட்கள் வருவது நின்றது.

பழைய தலை மிச்சம். மந்திரித்த பொருளைக் குப்பையில் போடக் கூடாது, மந்திரித்த மண்ணில் புதைக்க வேண்டும் என்பது முறை. பிசாசின் தலைக்கும் அதே முறையா என்று சாமியாரிடம் கேட்டேன். தீர்த்தம் பட்டால் பட்டதுதான் என்றார். கல்லறைத் தோட்டத்தில் வேலியோரம் மண் இளகலாக இருந்த இடத்தில் குழி தோண்டிப் புதைத்தேன். ஜெபம் ஒன்றும் சொல்லவில்லை. எந்த ஜெபம் என்று தெரியவில்லை.

பிறகு சவரியின் அக்கா வீட்டுக்குப் போனேன். கட்டிலில் கிடந்தான்.

"தலைய எடுத்தாச்சுடா."

"யாரு எடுத்தது?"

"பிலோமியேதான்."

கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"எங்க வெச்சிருக்குறீங்க?"

"கல்லறையில பொதைச்சாச்சு."

"நமக்கு முன்னாடியே போயிடுச்சா" என்று சிரித்தான். உடைந்த பல் தெரிந்தது. பிறகு, "சாமியார வரச் சொல்லுங்க" என்றான்.

சாமியார் வந்தார். நானும் அக்காவும் வெளியே நின்றோம். நெடுநேரம் ஆயிற்று. வெளியே வந்த சாமியார் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சவரி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, பிலோமியை ஒரு தடவை வரச் சொல்லுங்கள் என்று. போய்ச் சொன்னேன்.

"தலைய மாத்திட்டேன்ல. என் வேல முடிஞ்சுது" என்றாள்.

சாமியார் சொன்னது நினைவிருந்ததால் நான் வற்புறுத்தவில்லை. அவள் வரவில்லை. வருவாள் என்ற எதிர்நோக்கோடு செத்தான் என்று எழுதினால் ஜான்சி டீச்சருக்குப் பாடம் நன்றாக முடியும். அவன் வாசலைப் பார்த்தபடி செத்தான் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

அடக்கத்துக்குக் குழி வெட்டியது ஏழுமலை. எங்கள் கல்லறையில் எப்போதும் அவர்தான். மண் எங்கே இளகலாக இருக்கிறதோ அங்கே வெட்டுவார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் பெட்டியோடு போய்ச் சேர்ந்து கடைசி முகம் பார்க்கத் திறந்தபோது அவர் ஓரமாக நின்று எட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"உபதேசியாரே, உள்ள ஒரு தல கெடந்துச்சு. பயந்துட்டேன். பாத்தா பீங்கான். இப்பப் பொட்டியத் தொறந்து பாத்தா அதே மூஞ்சி. ஒண்ணும் புரியல."

மண் குவியல் மேல் அதை வைத்திருந்தார். ஜனங்கள் பார்த்துவிட்டார்கள். சாமியார் ஒரு முறை பார்த்தார், புத்தகத்தைத் திறந்து ஜெபத்தைத் தொடங்கினார். பெட்டியை இறக்கினோம். கயிறு ஒரு பக்கம் நழுவியது. நிறுத்தச் சொல்லி நேராக்கினேன்.

அப்போதுதான் பிலோமி வந்தாள். பட்டறையிலிருந்து அப்படியே வந்திருந்தாள், கையில் களிமண் காய்ந்திருந்தது. கூட்டம் விலகி வழி விட்டது. சாமியார் வரியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் குனிந்து மூன்று பிடி மண் போட்டாள். திரும்பும்போது குவியல் மேல் இருந்த தலையைப் பார்த்தாள்.

எடுத்தாள். முந்தானையால் மண்ணைத் துடைத்தாள். பட்டறையில் பொம்மையைத் துடைக்கிற அதே துடைப்பு, காது, புருவம், பல் என்று வரிசையாக. மூக்கில் வந்து விரல் நின்றது. போட்டு உடைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். உடைத்திருந்தாலும் நான் தடுத்திருக்கமாட்டேன்.

"அவருக்கு மூக்கு இவ்ளோ சப்ப இல்ல" என்றாள். "கோவத்துல அழுத்திட்டேன்."

பிறகு அதை ஏழுமலையிடம் நீட்டினாள்.

"உள்ள எறங்கி, தலமாட்டுல வைங்க. மூஞ்சி மேல பாக்குற மாரி வைங்க."